வெளிச்சம் ஆகாதவள்

கச்சிராயபாளையம் டவுன் பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி பதினொன்றரை. பூமாலை இறங்கினார். கையில் தூக்குவாளி நிறையக் கஞ்சி. தோளில் பச்சைக்கரைத் துண்டு. அறுபத்தெட்டு வயசு, அதில் நாற்பது கரும்பு வெட்டியே போனது. ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு ஆகாது. டாக்டர்கள் சொல்வதில் பாதி பொய், மீதிப் பாதி அவர்களுக்கே தெரியாதது என்பது அவருடைய கட்சி. உள்ளே கிடப்பது பெற்ற மகளாக இல்லாவிட்டால் அந்தக் கேட்டுக்குள் கால் வைத்திருக்க மாட்டார்.

வேப்பமரத்தடியில் மருமகன் அய்யப்பன் நின்றிருந்தான். பூமாலையின் அக்கா மகன்தான். மரவள்ளிக்கிழங்கு ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியில் கிழங்கு மண் இன்னும் அப்பியிருந்தது. அந்த வண்டியில்தான் விடிகாலையில் மலர்விழியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"இன்னா மாமா, இவ்ளோ நேரம்?"

"பஸ்சு வந்தாத்தான ஏறலாம். எப்டிடா இருக்கிறா?"

"பேச்சு கொளறுது. கழுத்து கட்ட மாதிரி வெறச்சிக் கெடக்குது. ஸ்கேனு எடுத்தாங்க. ஊசி போட்டாங்க. ரெண்டு பாட்டிலு ரத்தம் எடுத்தாங்க."

"ரெண்டு பாட்டிலா? இன்னாத்துக்கு, விக்கிறதுக்கா?"

"சின்ன பாட்டிலு மாமா. கிருமி மொளைக்குதான்னு பாப்பாங்களாம்."

"மொளைக்க வெக்கிறானுங்களா? நல்லா வெள்ளாம பண்றானுங்க." பூமாலை எச்சிலைத் துப்பினார். "எந்த வார்டு?"

"பழைய கட்டடம், பொம்பளைங்க வார்டு. பதினோராம் நம்பர் கட்டிலு."

பூமாலையின் கால் நின்றுவிட்டது.

அவருக்குப் படிப்பு கிடையாது. ஆனால் எண்கள் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வார்டில், சுவரில் கறுப்புப் பெயிண்டால் பதினொன்று என்று எழுதிய இடத்துக்குக் கீழே, அவர் பெண்சாதி கொளஞ்சியம்மாள் ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தாள்.

வார்டு நீளமாக இருந்தது. ஒரு பக்கச் சுவரில் ஆறு ஜன்னல்கள், பழைய காலத்து மரக்கதவு போட்டவை. உச்சி வெயில் ஆறு பட்டையாகத் தரையில் விழுந்து கிடந்தது. பாதிக் கட்டில்கள் காலி. கோடியில் ஒரு கிழவி சுவரைப் பார்த்துத் தூங்கினாள்.

மலர்விழி ஒருக்களித்துக் கிடந்தாள். தலை பின்பக்கம் வளைந்திருந்தது. யாரோ கூந்தலைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே இருப்பதுபோல.

கொளஞ்சியம்மாளுக்கும் இப்படித்தான் வளைந்திருந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. பினாயில் வாடைக்கு அடியிலிருந்து மெல்ல எழும்பி வந்தது. நல்லெண்ணெயில் பூண்டு கருகுகிற வாடை.

மலர்விழிக்குச் சின்ன வயசிலிருந்தே இடது காதில் சீழ் வரும். அம்மாவிடமிருந்து வந்த சீர் அது. மூன்று நாள் முன்னால் காய்ச்சல், தலை பிளக்கிறது என்று போன் பண்ணினாள். 'பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி காதுல ஊத்து, அடங்கிடும்' என்று சொன்னவர் பூமாலைதான். கொளஞ்சியின் காதில் அவரே கரண்டியால் ஊற்றியிருக்கிறார். அந்த எண்ணெய்தான் மணக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு மகளின் காதருகே குனிந்து முகர்ந்தார்.

காதைத் துடைத்துப் பஞ்சு வைத்திருந்தார்கள். மருந்து வாசம் மட்டும்தான் வந்தது.

பூண்டு வாடை அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினார். யாரும் இல்லை. கோடியிலிருந்த முதல் ஜன்னல் மெதுவாக, கீல் முனகாமல், தானாகச் சாத்திக்கொண்டது. தரையில் கிடந்த வெயில் பட்டை ஒன்று குறைந்தது.

நர்ஸ் அமிர்தம் ஊசித் தட்டோடு வந்தவர் அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "யாருதான் இத சாத்துறதோ. காலையில இந்தப் பொண்ணு வந்ததுல இருந்து நாலு வாட்டி தொறந்துட்டேன். காத்துகூட இல்ல." போய்த் திறந்துவிட்டு வந்தார். வந்தவர் பூமாலையை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். "ஒங்கள எங்கயோ பாத்திருக்கேனே பெரியவரே?"

"எல்லாக் கெழவனும் ஒரே மாதிரிதான் இருப்பான்."

டாக்டர் சந்தியா வந்தார். முப்பது வயசு இருக்கும். நின்றுகொண்டே பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவே பூமாலைக்குச் சந்தேகமாக இருந்தது.

"மூளையச் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. காதுல இருந்த கிருமி அதுக்குள்ள ஏறியிருக்குன்னு நெனக்கிறோம். ரத்தத்துலயும் பரவியிருக்கலாம். காத்திருக்கக் கூடாதுன்னு வந்ததும் மருந்து ஆரம்பிச்சுட்டோம். ஆனா எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும்னு தெரியணும். டிபியாக்கூட இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற. முதுகுத் தண்டுல இருந்து கொஞ்சம் தண்ணி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஸ்கேன்ல தடை ஒண்ணும் இல்ல. நீங்க கையெழுத்துப் போட்டா இப்பவே எடுத்துடலாம்."

அய்யப்பன் எழுந்து நின்றான்.

"முடியாதும்மா. எங்க அத்தைய அப்டித்தான் கொன்னாங்க."

"யாரு?"

"இவரு சம்சாரம். முதுகுல தண்ணி எடுத்தாங்க, ஒரு மணி நேரத்துல போயிடுச்சி. எங்கூர்ல கொழந்தைக்குக்கூட தெரியும். கேளுங்க, இவரே நிக்கிறாரு."

டாக்டர் பூமாலையைப் பார்த்தார். "எப்போங்க ஐயா? அவங்க பேரு சொல்லுங்க. பழைய சீட்டு எடுத்துப் பாக்குறேன்."

"செத்தவளோட சீட்டு இப்ப எதுக்கு?" என்றார் பூமாலை. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"தண்ணி எடுத்ததால உயிர் போயிருக்கும்னு தோணல ஐயா. இந்த நோய்தான் அவ்வளவு வேகமாக் கொண்டுபோகும். இப்பவும் நேரம் ஓடிட்டு இருக்கு."

"நாங்க எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிக்கினு போறோம்மா," என்றான் அய்யப்பன். "வெள்ளிமலைக்கு மேல ஒரு பூசாரி இருக்கிறாரு. மந்திரிச்சா சரியாப் போவும். இன்னா மாமா?"

பூமாலை கைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது ஜன்னல் சாத்திக்கொண்டது.

நடந்தது என்னவென்று உலகத்தில் பூமாலை ஒருவருக்குத்தான் தெரியும்.

கொளஞ்சியின் முதுகில் யாரும் ஊசியே போடவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் ஒரு டாக்டர் வந்து கேட்டார். கைநாட்டு வைக்க நீல மைப் பெட்டியைத் திறந்து முன்னால் நீட்டினார்கள். பூமாலை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தண்டுவடத்தில் தண்ணி எடுத்தால் கைகால் விழுந்துவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகத்தில் இருந்தது. சண்டை போட்டார். மருந்து பாதியில் ஏறிக்கொண்டிருந்த ஊசியை எடுக்கச் சொன்னார். சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்ற காகிதத்தில் மட்டும் கட்டைவிரலை நன்றாக அழுத்தி உருட்டினார். ஒரு வாடகை வண்டி பிடித்து மந்திரிக்க அவளை மலைக்கு ஏற்றினார். அய்யப்பன் அப்போது திருப்பூரில் வேலை. மலர்விழி பிள்ளை பெற்றுப் படுக்கையில். கூட யாரும் இல்லை.

வளைவுக்கு வளைவு வெயில் வண்டிக்குள் பாய்ந்தது. கொளஞ்சி கண்ணை இடுக்கிக்கொண்டு, "இந்தாய்யா, வெளிச்சம் கண்ணக் குத்துது, மறைச்சிக்கோ, மறைச்சிக்கோ" என்று முனகிக்கொண்டே வந்தாள். அவர் தோள் துண்டை எடுத்து அவள் முகத்தில் போட்டார். முனகல் அடங்கியது. தூங்குகிறாள் என்று நினைத்தார். ஆறு வளைவு தாண்டித் துண்டை எடுத்தபோது கண்கள் திறந்திருந்தன.

எழவு வீட்டில் மச்சான்கள் சட்டையைப் பிடித்து, 'எங்க தங்கச்சிய இன்னா பண்ண?' என்று கேட்டார்கள். 'முதுகுல தண்ணி எடுத்தானுங்க, செத்துட்டா' என்று வாயில் வந்துவிட்டது. சட்டையைப் பிடித்த கை விட்டது. அவ்வளவுதான். பிறகு கேட்டவருக்கெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த ஊசி நீண்டுகொண்டே போனது.

போன தை மாசம், கரும்பு வெட்டில் கூட நின்ற சின்னக்கண்ணுவுக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. அவன் மகன் டீக்கடையில் வந்து நின்றான். 'முதுகுல தண்ணி எடுக்கணுமாம் பெரியப்பா, இன்னா பண்றது?' பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கட்டுனவளப் பறிகொடுத்தவன் நானு. நீ உங்கப்பன உசுரோட பாக்கணும்னா வூட்டுக்கு இட்டுக்கினு வந்துடு' என்றார் பூமாலை.

மூன்றாம் நாள் சின்னக்கண்ணுவுக்கு வாய்க்கரிசி போட்டார். அந்த அரிசி இன்னும் கைவிரலில் ஒட்டியிருப்பதுபோல அடிக்கடி வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

"வண்டிய வார்டு வாசலுக்குக் கொண்டாறேன்," என்று அய்யப்பன் போனான். டாக்டர், "பத்து நிமிஷம் யோசிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகாமல் நேராக அலமாரி இருந்த அறைக்குப் போனார். பழைய சீட்டைத் தேடத்தான் போகிறார் என்று பூமாலைக்குப் புரிந்தது. நர்ஸும் ஏதோ ஞாபகம் வந்தவர்போல அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கூடப் போனார்.

பூமாலை வெளியே வந்தார். வராந்தாக் குழாயில் இரண்டு கை தண்ணீர் குடித்தார். முகத்தில் அடித்துக்கொண்டார். துடைக்கத் தோளில் கை வைத்தார்.

துண்டு இல்லை.

உள்ளே வந்தார்.

வார்டு இருட்டிக் கிடந்தது. வெளியே பன்னிரண்டரை மணி வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஐந்து ஜன்னலும் சாத்தியிருந்தன. ஆறாவது பாதி திறந்து, ஒரு கை அளவு வெளிச்சம் மட்டும் பதினோராம் கட்டிலில் விழுந்தது.

அந்த வெளிச்சத்தில் பச்சைக்கரை தெரிந்தது.

அவர் துண்டு மலர்விழியின் முகத்தை மூடியிருந்தது.

நாலு முனையும் ஒழுங்காக இழுத்துச் செருகியிருந்தது. ஆறு வளைவு தாண்டும்வரை காற்றில் பறக்கக் கூடாது என்று அன்றைக்கு அவர் செருகிய அதே மாதிரி.

துணி மூச்சில் ஏறி இறங்கியது.

ஏறியது.

இறங்கியது.

ஏறவில்லை.

"பாப்பா!"

கை போக மறுத்தது. எடுத்தால் எந்தக் கண் பார்க்குமோ என்று விரல்கள் துண்டுக்கு ஒரு சாண் மேலேயே நின்றன. பூண்டு வாடை மூக்கை அடைத்தது. கட்டிலின் மறுபக்கம், இருட்டில், ஒருத்தி நிற்கிறாள். தலை பின்னால் வளைந்து மேல்கூரையைப் பார்க்கிறது. அவளுக்கு அவரைப் பார்க்கக் கழுத்தைக் குனிக்க முடியவில்லை. அப்படியே நிற்கிறாள்.

பூமாலை துண்டை இழுத்தார்.

மலர்விழியின் கண்கள் திறந்திருந்தன. ஆனால் மூச்சு இருந்தது. உதடு அசைந்தது. வந்த குரல் அவள் குரல் இல்லை.

"இந்தாய்யா..."

எந்த மகளும் அப்பனை அப்படிக் கூப்பிட மாட்டாள்.

"என்னைய மூடுன. இவளையும் மூடப் போறியா?"

தூக்குவாளி எங்கே உருண்டதோ தெரியாது. பூமாலை கத்தியது வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த அய்யப்பன்வரை கேட்டது. அவனும் டாக்டரும் நர்ஸும் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். கிழவர் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எடுக்கல மாப்ள. அவளுக்கு தண்ணி எடுக்கவே இல்ல. நான்தான் கைநாட்டு வெக்க மாட்டேன்னேன். நான்தான் ஊசியப் புடுங்கச் சொல்லி மலைக்கு இட்டுக்கினு போனேன். வண்டியிலயே செத்தா. எந்தத் துண்டுக்குக் கீழ செத்தான்னு எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடு. எம் பொண்ண எடுத்துக்கினு போயிடாத."

டாக்டர் கையில் ஒரு பழைய மஞ்சள் சீட்டு இருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அய்யப்பன் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு, "ரெண்டு வருஷமா வூரு முழுக்க சொல்லிக்கினு திரிஞ்சியே. நீயெல்லாம் மனுசனாய்யா?" என்றான். மாமா என்ற வார்த்தை அதில் இல்லை. காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது.

மலர்விழியைச் சுற்றித் தட்டி மறைப்பு வைத்தார்கள். கால் மணி நேரம் ஆனது. பூமாலை வெளியே நின்று எண்ணத் தெரிந்தவரை எண்ணினார். டாக்டர் ஒரு சின்னக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி வெளியே வந்தார். தண்ணீர் தெளிவாக இல்லை. அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தது.

"கிளியரா இருக்கணும் ஐயா. பாருங்க, எப்படி இருக்குன்னு."

பூமாலை பார்த்தார். கொளஞ்சியின் முதுகுக்குள்ளும் இதுதான் இருந்திருக்கும். ஒரு கட்டைவிரல் அழுத்தியிருந்தால் தெரிந்திருக்கும்.

கிருமியின் பெயர் வந்தது. நியூமோகாக்கஸ். நெஞ்சுச் சளிக் காய்ச்சலைக் கொண்டுவருகிற அதே கிருமிதான், காதில் குடியிருந்து மேலே ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். ரத்தப் பாட்டிலிலும் அதுவே முளைத்தது. எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்துகொண்டு வேண்டாததை நிறுத்தினார்கள், வேண்டியதை வேளை தவறாமல் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மலர்விழி தண்ணீர் கேட்டாள். ஐந்தாம் நாள் கழுத்து குனிந்தது. ஏழாம் நாள் ஊட்டிவிட்ட இட்லியில் உப்புக் கம்மி என்று அய்யப்பனைத் திட்டினாள். பூண்டு வாடை வரவில்லை. ஜன்னல்கள் திறந்தது திறந்தபடி இருந்தன.

போனது ஒன்றுதான். இடது காது. டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி ஒலிக்கவிட்டு அந்தக் காதருகில் வைத்துப் பார்த்தார், எலும்பின் மேல் வைத்துப் பார்த்தார். "இந்தக் காதுல இனிமே ஒண்ணும் கேக்காதும்மா. உயிர் தப்பிச்சதே பெரிசு." மலர்விழி தலையாட்டினாள்.

பதினைந்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். அய்யப்பன் மருந்துப் பையோடு வண்டிக்குக் கிளம்பினான். பூமாலை அவனை வராந்தாவில் நிறுத்தினார். இந்தப் பதினைந்து நாளும் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மாப்ள. நான் சொன்னத வூர்ல சொல்லிக்கினு இருக்காத. நம்மோட போவட்டும்."

"ஏன்?"

"சின்னக்கண்ணு மவன் இருக்கிறான். தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவான். மலரு நல்லாயிட்டா. செத்தவங்கள நோண்டி இன்னா ஆவப் போவுது?"

அய்யப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பதில் சொல்லாமல் போனான். சொல்ல மாட்டான் என்று பூமாலை எடுத்துக்கொண்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மகளைக் கூப்பிட வார்டுக்குள் நுழைந்தார்.

நுழைந்ததும் அந்த வாடை.

மலர்விழி பதினோராம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருக்கிற வலது காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தியிருந்தாள். செத்துப்போன இடது காதைச் சுவர்ப்பக்கம் சாய்த்திருந்தாள்.

"வா பாப்பா, வண்டி நிக்குது. இன்னா பண்ற?"

அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு விரலை உயர்த்தினாள். "இருப்பா. பேசிக்கினு இருக்குது."

"யாரு?"

"அம்மா. நல்ல காதத் தொறந்தா கேக்க மாட்டேங்குது. இதுலதான் கேக்குது." பயந்தவளாகத் தெரியவில்லை. ரேடியோ கேட்கிறவள் மாதிரி இருந்தாள். "ஜன்னல சாத்தச் சொல்லுது, கண்ணக் குத்துதாம்."

முதல் ஜன்னல் சாத்திக்கொண்டது. பிறகு இரண்டாவது.

"கௌம்பும்மா," என்றார் பூமாலை.

"அம்மா மட்டும் இல்லப்பா. கூட ஒரு ஆம்பள குரலு. தல வலிக்குது, தல வலிக்குதுன்னு மொனகிக்கினே இருக்குது." புருவத்தைச் சுருக்கிக் கேட்டாள். "ஒன்னத்தான் கேக்குது."

மூன்றாவது. நான்காவது.

"இன்னா... இன்னா கேக்குது?"

"டீக்கடையில எம் மவங்கிட்ட சொன்னத, எம் மூஞ்சப் பாத்து சொல்லச் சொல்லுன்னு கேக்குது." மலர்விழி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "டீக்கடையில இன்னாப்பா சொன்ன?"

ஐந்தாவது ஜன்னலும் சாத்திக்கொண்டது. வாசலில் அய்யப்பன் ஹாரன் அடித்தான், ஒரு முறை, பிறகு விடாமல்.

பூமாலை தோளைத் தடவினார்.

துண்டு இல்லை.